பழைய மண்டபமும் ஒரு பொறியியலாளரின் பொறுப்பும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழா பந்தலில் நடக்கிறது. ஐம்பது யார் தள்ளி எங்கள் மண்டபம் நிற்கிறது. அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டச் சொன்னவள் நான். காலையில் வாசலிலேயே என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “லண்டனிலிருந்து காசு செலவழிச்சு வந்தது இந்த மண்டபத்துக்குள்ள ஒருக்கா இருக்கத்தானே புள்ள, நீ பூட்டுப் போட வெச்சிட்டியாமே” என்று ஒருத்தி கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுடைய கண்ணில் பகிடி இருக்கவில்லை.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு பழைய பொதுக் கட்டடங்களும் பொறியியலாளரின் அறக்கடமையும் என்பது. பொதுவாகப் பேசிவிட்டுப் போவது எளிது. தோழி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் அது சரியாகாது என்பதால் எங்கள் மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு நான் அந்த மண்டபத்துக்குள் இருந்தேன். இங்கே இருக்கும் சிலரும் இருந்தீர்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வீடு வாவிக்கரையில், கிடுகுக் கூரை. பின்னேரம் காற்றின் சத்தம் மாறியதும் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடிவந்தார். இரவு முழுவதும் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. நாங்கள் மேடைக்குக் கீழே வாங்குகளை அடுக்கி அதற்குள் குந்தியிருந்தோம். விடிந்து வெளியே வந்தபோது தலையோடு ஒரு தென்னை நிற்கவில்லை. அந்தச் சூறாவளியில் இந்த மாகாணத்திலும் அயலிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். மண்டபத்தின் சுவர் நின்றது. “இந்தச் சுவர் நம்மள ரெண்டாந்தரம் பெத்தெடுத்திருக்கு” என்று அம்மா சொன்னார். ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கம் வரும்போது சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போவார்.

அந்தச் சுவருக்கு எதிராகத்தான் நான் அறிக்கை எழுதினேன்.

விழாவுக்கு ஆயத்தமாக மண்டபத்துக்குப் பெயின்ற் பூசுவதென்று செயற்குழு தீர்மானித்தது. பூசுவதற்கு முன் ஒருக்கால் பார்த்துவிடு என்று என்னைக் கேட்டார்கள். நான் ஒரு சிறிய சுத்தியல், ஒரு ஊசிமுனைக் கத்தி, ஒரு போத்தல் பினோப்தலீன் ஆகியவற்றோடு வந்தேன். விஞ்ஞானம் படித்தவர்களுக்கு பினோப்தலீன் நினைவிருக்கும். இரசாயன ஆய்வுகூடத்தில் துளித்துளியாக விட்டு, இளஞ்சிவப்பு வந்ததா வரவில்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தோமே, அதேதான். கட்டடப் பொறியியலாளருக்கும் அது வேண்டும். நல்ல கொங்கிறீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம்தான் உள்ளேயுள்ள கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வருடக்கணக்காக உள்ளே ஊறி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். புதிதாக உடைத்த கொங்கிறீட் முகத்தில் பினோப்தலீனைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் சிவக்கும். போன இடம் நிறமில்லாமல் இருக்கும். எங்கள் மேல்மாடத்தின் அடித்தளத்தில் ஐந்து இடங்களில் தெளித்தேன். கம்பி இருக்கும் ஆழத்தையும் தாண்டி, ஓரிடத்திலும் சிவக்கவில்லை.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மண்டபத்தின் சுவர் பழையது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். மேல்மாடம் அப்படியல்ல, அது 1950களில் பிள்ளைகள் கூடியபோது சேர்த்த கொங்கிறீட். அந்தக் காலத்தில் கைக்கு எட்டிய மணலை அள்ளிக் கலந்திருப்பார்கள். வாவிக்கரையில் கைக்கு எட்டிய மணல் உப்பு மணல். உப்பு உள்ளே இருந்தால் கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடமில்லாதபோது கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேல்மாடத்தின் அடியில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்த இடங்களை நாங்கள் படிக்கும்போதே பார்த்திருக்கிறோம். அதை ‘இலங்கைப் படம்’, ‘யானைப் படம்’ என்று பெயர் வைத்துச் சிரித்திருக்கிறோம். சுத்தியலால் தட்டியபோது பாதிக்கு மேற்பட்ட இடத்தில் வெறும் சட்டியைத் தட்டிய சத்தம் வந்தது.

கூரையில் வேறு நோய். தீராந்திகள் நல்ல காட்டுமரம். நடுவில் இன்றும் கத்தி இறங்காது. ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளில் என் கத்தி பிடிவரை இறங்கியது. ஏன் என்று தேடினால், எங்கள் அன்புதான் காரணம். 1990களில் சங்கம் காசு சேர்த்து மண்டபத்தைத் ‘திருத்தியது’. உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மேசன்மார் நல்ல தடிப்பாகச் சீமெந்து பூசிக் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலுக்கு வெளியே விடும். சீமெந்தால் மூடினால் மாரி ஈரம் உள்ளேயே நிற்கும், மரநுனி ஊறும், பிறகு கறையானுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பத் தேவையில்லை. அந்தத் திருத்தத்துக்கு நானும் காசு கொடுத்தேன். படம் பிடித்து மலரிலும் போட்டோம்.

ஆகவே அறிக்கையில் எழுதினேன்: மேல்மாடத்தில் எவரும் ஏறக்கூடாது; அதன் கீழும் எவரும் நிற்கக்கூடாது; கூரை நுனிகளுக்கு முண்டு கொடுக்கும்வரை மண்டபத்தைப் பாவிக்கக்கூடாது. வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு 3 கிலோநியூட்டன் என்று கணக்கெடுத்தால், சனம் எழுந்து நிற்கும் மண்டபத்துக்கு 5 கிலோநியூட்டன் எடுக்க வேண்டும், அதாவது சுமார் 500 கிலோ. பாடசாலைக் கீதம் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவோம். அந்தக் கணத்தை நினைத்துத்தான் எழுதினேன்.

செயற்குழுவில் ஒரு அக்கா நல்ல கேள்வி கேட்டார். “இத்தனை வருஷம் விழாததா, இந்த ஒரு நாள்ல விழப்போகுது?” விழாமலே போகலாம். அதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். நான் சரியாகச் சொன்னேனா என்பதை நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. அந்த வழியை நான் விரும்பவில்லை.

தமிழ்நாட்டில் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 ஆம் திகதி ஒரு பாடசாலை எரிந்தது. மதிய உணவுச் சமையலறைக் கூரையில் பிடித்த தீ, மாடியில் சின்னப் பிள்ளைகள் இருந்த வகுப்புகளின் கூரைக்குத் தாவியது. இரண்டும் ஓலைக் கூரைகள். மாடியிலிருந்து இறங்கும் வழியோ ஒடுக்கமானது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பெயர்களும் படங்களும் பத்திரிகையில் வந்த நாளில் நான் வேலைக்குப் போகவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு, 2014 இல், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. மேன்முறையீட்டில் பின்னர் மாற்றங்கள் வந்தன. அந்தப் பத்துப் பேரில் ஒருவர், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்த பொறியியலாளர். தீயை அவர் வைக்கவில்லை. அவர் கொடுத்தது ஒரு தாள். அந்தத் தாள் இருந்ததால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 டிசெம்பரில் திருநெல்வேலியில் ஒரு பழைய பாடசாலையில் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று பையன்கள் இறந்தார்கள். 2023 நவம்பரில் எங்கள் நாட்டிலேயே, வெல்லம்பிட்டியில், தண்ணீர்க் குழாய்கள் பொருத்தியிருந்த கொங்கிறீட் சுவர் விழுந்து முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இறந்தது. கழிப்பறைச் சுவரும் குழாயடிச் சுவரும் யாருடைய அறிக்கையிலும் இடம்பெறாதவை. ‘கட்டடம்’ என்று நாங்கள் அவற்றை நினைப்பதே இல்லை. பிள்ளைகள் சாய்ந்து நிற்பது அங்கேதான்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை பகிரங்கமாகச் சொன்னதில்லை.

பேராதனையில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஊரையும் அலுவலகத்தையும் சொல்ல மாட்டேன். சனம் தினமும் வந்துபோகும் ஒரு பொதுக் கட்டடத்தைப் பார்வையிட அனுப்பினார்கள். வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கொங்கிறீட் தட்டு கீழே சாய்ந்திருந்தது. சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கமாக வெடிப்பு. நீட்டித் தட்டில் வெடிப்பு மேல்பக்கம் வந்தால் அது கம்பி களைத்துவிட்டதன் அடையாளம். இரண்டாம் வருட மாணவிக்கும் தெரியும். ‘உடனடியாக அகற்றப்பட வேண்டும்’ என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார். கெட்ட மனிதரல்ல. “தங்கச்சி, இந்த வருஷம் காசு இல்லை. நீர் இப்பிடி எழுதினால் நாளைக்கே மூட வேணும், சனத்துக்குக் கஷ்டம். ‘தொடர்ந்து அவதானிக்கப்பட வேண்டும்’ எண்டு போடும், அடுத்த வருஷம் பாப்பம்” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை, பயமுறுத்தவுமில்லை. நான் தாளைத் திரும்பவும் தட்டச்சுக்குக் கொடுத்தேன். ஒரு சொல்தான் மாறியது.

ஏழு கிழமைக்குப் பிறகு, மாரி மழையில், ஒரு ஞாயிறு விடியற்காலை அந்தத் தட்டு விழுந்தது. ஞாயிறு என்பதால் வரிசை இல்லை. இரவில் அங்கே படுக்கும் ஒரு முதியவரின் கால் போனது. விசாரணை நடந்தது. என் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள்; ‘அவதானிக்கப்பட வேண்டும்’ என்று இருந்தது; அவதானிக்கும் பொறுப்பு எனக்கு அல்ல; என்மேல் குற்றமில்லை. அந்தச் சொல் என்னைக் காப்பாற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன், தோடம்பழம் வாங்கிக்கொண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவள் போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நான் யாரென்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அறிக்கையில் ‘அவதானிக்கவும்’ என்று எழுதினால், யார், எந்தத் திகதியில், எதைக் கொண்டு அளப்பார், எவ்வளவு அசைந்தால் ஆட்களை வெளியேற்றுவது என்று அடுத்த வரியிலேயே எழுதுவேன். வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதி போட்டால் போதும். வெடிப்பு உயிரோடு இருந்தால் கண்ணாடி உடையும். இதை எழுத முடியாத இடத்தில் ‘அவதானிக்கவும்’ என்பது பொறியியலாளரின் ஒளிவிடம்.

யாரிடம் சொல்வது என்பதும் அதே அளவு பெரிய கேள்வி. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி விழுந்த ராணா பிளாசா கட்டடத்தை நினைவிருக்கும். 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தையல் வேலைக்கு வந்த பெண்கள். விழுந்ததற்கு முதல்நாளே தூண்களில் வெடிப்பு. ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, இது ஆபத்து, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். கீழ்மாடியில் இருந்த வங்கி அதைக் கேட்டுத் தன் ஊழியர்களை மறுநாள் வரவேண்டாம் என்றது. மேலே இருந்த தொழிற்சாலைகள் மறுநாள் காலை பிள்ளைகளை உள்ளே ஏற்றின. எச்சரிக்கை உரிமையாளர் வரை போய், தையல் மெஷினுக்கு முன் இருந்தவளிடம் போகாமல் நின்றுவிட்டது. இன்னொரு கசப்பும் அதில் உண்டு. எச்சரித்த அதே பொறியியலாளர், அனுமதியில்லாமல் மேல்மாடிகளை ஏற்றுவதற்கு முன்னர் உதவினார் என்ற குற்றச்சாட்டில் பின்னர் கைதானார். முந்தியே ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் பிந்தி எச்சரிக்கத் தேவை வந்திருக்காது.

எங்கள் நாட்டில் 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டத்தின்படி, தொழில் செய்யும் பொறியியலாளர்கள் பதிவுசெய்திருக்க வேண்டும். தொழில் ஒழுக்கக் கோவைகளும் பொதுமக்களின் பாதுகாப்பையே முதலில் வைக்கின்றன. சம்பளம் தருபவர் அதற்குப் பிறகுதான். சட்டம் நல்லது. ஆனால் ‘தங்கச்சி’ என்று அன்பாகக் கூப்பிடும் குரலுக்கு முன்னால் சட்டப் புத்தகம் மேசைக்குள்ளேயே கிடக்கும் என்பதை நான் கண்டவள். ஆகவேதான் இந்த முறை அறிக்கையை அதிபருக்கும் செயற்குழுவுக்கும் மட்டும் கொடுக்காமல், சுருக்கமாக ஒரு பக்கத்தில் எழுதி மண்டப வாசலிலும் ஒட்டச் சொன்னேன். அதனால்தான் சிலருக்கு என்மேல் கோபம். பாடசாலையின் மானம் போய்விட்டது என்கிறார்கள். ஒட்டிய முதல் நாளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று வாசித்தார்களாம். அவர்களுக்காகத்தான் எழுதினேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘இடித்துவிடுங்கள்’ என்று எழுதுவது பொறியியலாளருக்கு மிகவும் பாதுகாப்பானது. இடித்த கட்டடம் யார்மேலும் விழாது. அவரையும் யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்கள். ஆனால் தன்னைக் காப்பதற்காகப் பிறருடைய கட்டடத்தை இடிக்கச் சொல்வதும் பொய்ச் சான்றிதழ்தான். வயது ஒரு நோயல்ல. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய எங்கள் மட்டக்களப்புக் கோட்டையின் மதில், 1638 இல் ஒல்லாந்தர் கைக்குப் போய், இன்றும் வாவிக்கரையில் நிற்கிறது. 1978 சூறாவளிக்குப் பிறகு அவசரத்தில் எழுந்த பல கட்டடங்கள் அதற்கு முன்னே விழுந்துவிடும் என்று பந்தயம் கட்டலாம்.

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1920களில் கட்டிய இரும்புப் பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில். நாங்கள் பஸ்ஸில் போகும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வோம். எதிரே வாகனம் வந்தால் காத்து நிற்க வேண்டும். 2013 மார்ச்சில் ஜப்பானிய உதவியோடு பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். பழையதை உடைத்து இரும்புக்கு விற்கவில்லை. பாரம் புதிய பாலத்துக்குப் போனது. பழையதில் சனம் நடக்கிறது, பின்னேரத்தில் காற்று வாங்குகிறது, மீன் பாடுகிறதா என்று காது கொடுக்கிறது. முதிர்ந்த மனிதரின் தலையிலிருந்து நெல்மூட்டையை இறக்கி வைப்பதுபோல, ஒரு கட்டடத்தின் பாரத்தை இறக்கி வைப்பதும் சிகிச்சைதான்.

எங்கள் மண்டபத்துக்கும் நான் எழுதியிருப்பது அதுதான். கொங்கிறீட் மேல்மாடம் போக வேண்டும். அதைக் காப்பாற்ற முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன். அது போனால் பழைய சுவருக்குப் பாரமும் குறையும். சீமெந்துப் பூச்சைக் கவனமாக எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த மேசன்மார் இப்போது அருமை. ஆரையம்பதிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், கை நடுங்கினாலும் பக்கத்தில் நின்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். தீராந்திகளின் உக்கிய நுனிகளை வெட்டி, புதிய மரத்தை இரும்புத் தகட்டோடு பொருத்தலாம்; நடுமரம் அப்படியே இருக்கும். பீலிகளை மாற்ற வேண்டும். சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் போதாது.

இதற்குக் காசு வேண்டும். நூற்றாண்டு நினைவாக நுழைவாயிலில் வளைவு கட்டக் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நீங்கள் அனுப்பிய காசு வங்கியில் இருக்கிறது. வளைவில் கொடுத்தவர்களின் பெயர் பொறிப்பதாகச் சொல்லித்தான் சேர்த்தோம். தீராந்தி நுனியில் பெயர் பொறிக்க முடியாது. பொறித்தாலும் பல்லிதான் வாசிக்கும். அந்தக் காசை மண்டபத்துக்கு மாற்றலாமா என்ற தீர்மானம் பின்னேரப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. நான் சங்க உறுப்பினர் என்ற முறையில் ஆதரித்துக் கை உயர்த்துவேன். எதிர்த்து உயர்த்துபவர்களோடும் தேநீர் குடிப்பேன். ஆனால் தீர்மானம் எப்படிப் போனாலும், முண்டு கொடுக்கும்வரை பூட்டுத் திறக்கப்படாது. அதற்கு வாக்கெடுப்பு இல்லை. அதிபர் அவர்கள் சாவியைத் தன் மேசைக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பேன்.

கடைசியாக ஒரு அறிவித்தல். மேல்மாடத்திலிருந்த பழைய வாங்குகளை, ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் ஏறி, கயிறு கட்டி, போன கிழமை கீழே இறக்கிவிட்டோம். ஆரம்பப் பிரிவு விறாந்தையில் வரிசையாக வைத்திருக்கிறது. எங்கள் காலத்துக் கவராயக் கூர்களின் கைவேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. 1961 ஆம் ஆண்டு வரை வாசிக்க முடிகிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தவர்கள் அதிபர் அவர்களுக்குக் காட்ட வேண்டாம்.